வெள்ளம் அவசரம்: பலவேசம் அண்ணாச்சியின் ஒரு மனு

பலவேசம் அண்ணாச்சி போய்விட்ட செய்தி எனக்கு ஒரு அச்சு வேலையாகத்தான் வந்தது. காலை எட்டரை மணி இருக்கும். கடையைத் திறந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தி, கம்ப்யூட்டரை எழுப்பிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சியின் மகன் முருகன் போன் செய்தான். "அக்கா, ஒரு போஸ்டர் அடிக்கணும். உடனே வேணும். தமிழ்லயும் மலையாளத்துலயும்" என்றான். யாருக்குடா என்று கேட்டேன். எதிர்க்கடைக்காரரின் தாயார் ஒரு மாதமாகப் படுக்கையில் இருந்தார்கள், அவர்களைத்தான் நினைத்தேன். "அப்பாவுக்கு அக்கா" என்றான்.

திருவனந்தபுரம் சாலை பஜாரை ஒட்டிய ஆரியசாலையில் முப்பது வருஷமாக மரண போஸ்டர் அடிக்கிறேன். பெயர், வயது, நேரம், மூன்று வரிதான். கை தானாக அடித்துவிடும். அன்றைக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. மலையாள வரிகளை நாலு தடவை வாசித்தேன். அப்புறமும் நம்பிக்கை வராமல், டீக்கடைச் சேட்டனைக் கூப்பிட்டு, "இதை வாசிச்சு, உங்களுக்கு என்ன புரியுதுன்னு சொல்லுங்க" என்றேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பலவேசம் மரிச்சு, அல்லே?" என்றார். அது போதும் எனக்கு.

நான் ஏன் அத்தனை பயந்தேன் என்று ஆரியசாலையில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் பாதிதான் தெரியும். மீதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அண்ணாச்சி இருந்திருந்தால் எழுத விட்டிருக்க மாட்டார்.

அவரை அறியாதவர்கள் யாராவது இதை வாசிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். அண்ணாச்சிக்கு வெல்லமும் கருப்பட்டியும் மொத்த வியாபாரம். உடன்குடிப் பக்கத்திலிருந்து இளவயதில் திருவனந்தபுரம் வந்தவர். சர்க்கரை நோய் வந்த பிறகு வெல்லத்தை வாயில் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சரக்கை மோந்து பார்த்தே தரம் சொல்வார். மலையாளம் தண்ணீராகப் பேசுவார். சண்டை போடுவதென்றால் மலையாளத்தில்தான் போடுவார், அதில் தனக்கு வீச்சு அதிகம் என்பார். ஆனால் மலையாள எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது. பஸ்ஸை நிறம் பார்த்தும் கூட்டம் பார்த்தும்தான் ஏறுவார்.

நான் நேர் எதிர். நாஞ்சில்நாட்டுக் குடும்பம் என்றாலும் இங்கேயே பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் எழுத்து பிற்பாடு படித்தது, அதுவும் கடைக்கு அச்சுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளைப் பார்த்து. இந்தக் கட்டுரையில் பிழை இருந்தால் அந்தப் பத்திரிகைகளைத் திட்டிக்கொள்ளுங்கள். ஆக, எனக்கும் அண்ணாச்சிக்கும் சேர்த்து இரண்டு மொழி ஒழுங்காகத் தெரியும் என்று ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தோம்.

மனு எழுதுவது அவருக்கு ஒரு விரதம் மாதிரி. என் கடையில் நாற்காலி கிடக்கும், உட்கார மாட்டார். நின்றுகொண்டுதான் சொல்வார். "எழுது தாயி. மேன்மை தங்கிய ஐயா அவர்களுக்கு" என்று ஆரம்பித்தால் தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். கடைசியில் "இப்படிக்கு, நனைந்த வியாபாரி" என்று போடச் சொல்வார். வேண்டாம் அண்ணாச்சி, பெயரைப் போடுவோம் என்றால், "பேரு ஆயிரம் பேருக்கு இருக்கும். நனைஞ்சவன் நான்லா?" என்பார்.

நனைந்தது உண்மைதான். எங்கள் தெரு பள்ளம். அரை மணி நேரம் அடித்துப் பெய்தால் முழங்கால் அளவுக்கு நிற்கும். துணிக்கடைக்காரர் நனைந்த துணியைக் காயவைத்துத் தள்ளுபடி விலைக்கு விற்றுவிடலாம். இரும்புக்கடைக்காரர் துருவைத் துடைத்துவிடலாம். வெல்லத்தை என்ன செய்வது? ஒரு வருஷம் தெரு முழுக்கப் பானகமாக ஓடியது. அப்புறம் ஒரு வாரம் சாலை பஜாரின் எறும்பெல்லாம் எங்கள் தெருவில்தான் இருந்தது.

வெயில் காலம் இன்னும் மோசம். ஒரு பங்குனி மதியம், மூட்டை சுமக்கிற சுமட்டுத் தொழிலாளர்களின் சங்கத் தலைவர் தங்கையன் வெல்ல மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நாலு எட்டு வைத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண் செருகிவிட்டது. வெல்லம் சாக்குக்கு வெளியே உருகி அவர் தலைமுண்டோடு ஒட்டிக்கொண்டது. மூன்று பேர் சேர்ந்து மூட்டையைப் பிய்த்து எடுத்தார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியதும் தங்கையன் சொன்னது, "எனக்குத் தலை சுத்தல. பூமிதான் சுத்திச்சு." எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து பத்து மணிக்கு மேல் அவர் கடையில் சரக்கு இறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். லாரிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். "மழைன்னா கரையுது, வெயில்னா உருகுது. ஆளும் அப்படித்தான், சரக்கும் அப்படித்தான்" என்றார் என்னிடம்.

இப்படி இருக்கும்போதுதான் நகரசபையிலிருந்து ஒரு கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. நகரத்தின் காலநிலைத் திட்டம் பற்றி விளக்குகிறார்கள், வியாபாரிகள் சார்பில் ஒருவர் வர வேண்டும் என்று. யாருக்கும் கடையை விட்டுப் போக மனமில்லை. ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அப்படி அண்ணாச்சி எங்கள் பிரதிநிதி ஆனார். மதியம் சாப்பாடு உண்டு என்பதும் ஒரு காரணம். அதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கூட்டத்தில் திரையில் நகரத்தின் வரைபடத்தைக் காட்டியிருக்கிறார்கள். எங்கே வெள்ளம் வரும், எங்கே சூடு கூடும் என்று நிறம் நிறமாக. அண்ணாச்சி எழுந்து, எங்கள் தெருவைக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறார். அங்கிருந்த அதிகாரி படத்தைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார். கடைசியில் திரை முழுக்க ஒரே ஆரஞ்சு நிறம் ஆகிவிட்டது, தெருவைக் காணோம். அதிகாரி நல்ல மனிதர், மறைக்காமல் சொன்னார். இது நகரம் முழுமைக்குமான திட்டம். ஒவ்வொரு பகுதியிலும் போய், வெள்ளம் எதனால் நிற்கிறது, வெயிலில் யார் வேலை செய்கிறார்கள், நிழல் எங்கே வேண்டும் என்று மக்களோடு உட்கார்ந்து தனித் திட்டம் போட வேண்டும். அதற்குத்தான் இன்னும் பணம் வைக்கவில்லை.

அண்ணாச்சி நேராக என் கடைக்கு வந்தார். "தாயி, ஊருக்கு ஜாதகம் எழுதியாச்சு. நம்ம தெருவுக்கு எழுதலை. ஜோசியருக்கு தட்சிணை வைக்க ஆள் இல்லையாம்" என்றார். சாப்பாடு எப்படி என்று கேட்டேன். சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள், மட்டச் சரக்கு என்றார்.

அன்று பிடித்த பிடிதான். நகரசபை எங்கள் பகுதிக்கென்று ஒரு திட்டம் போடப் பணம் ஒதுக்க வேண்டும். இதுதான் அவர் கோரிக்கை. இதை விளங்க வைக்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஓடைக்குப் பணம் கேட்டால் எல்லாருக்கும் புரியும். ரோட்டுக்குக் கேட்டாலும் புரியும். திட்டம் போடுவதற்குப் பணமா? இரும்புக்கடை ஆறுமுகம் பாட்டையா என் கடை வாசலில் நின்றே கேட்டார்: "என்ன வே, காயிதத்துக்குக் காசு கேக்கேரு? அதைக் கொண்டுபோய் ஓடையில போட்டு அடைக்கவா?"

அண்ணாச்சி அசரவில்லை. "இந்தத் தெருவுல மூணு தடவை ஓடை வெட்டியாச்சு வே. மொத ஓடை துணிக்கடைத் தண்ணியை என் கடைக்குள்ள விட்டுது. ரெண்டாவது ஓடை என் தண்ணியை உம்ம கடைக்குள்ள விட்டுது. மூணாவது ஓடை மேட்டைப் பார்த்து ஓடுது, அதுக்கு எங்க போறதுன்னே தெரியலை. உம்ம மவ கல்யாணத்துக்கு சமையல்காரன் வந்ததும் மொதல்ல என்ன கேட்டான்? எத்தனை இலைன்னு கேட்டானா இல்லையா? அடுப்பைப் பத்தவெச்சுட்டா கேட்டான்?" என்றார். ஆறுமுகம் பாட்டையா சற்று யோசித்து, "அவன் கேட்டான். ஆனா சாப்பாடு பத்தலை" என்றார். "அதான் சொல்லுதேன், நீரு எண்ணிக்கையைத் தப்பாச் சொன்னேரு" என்றார் அண்ணாச்சி.

கையெழுத்து வாங்குவதில் அடுத்த கூத்து. வியாபாரிகளும் சுமட்டுத் தொழிலாளர்களும் எங்கள் தெருவில் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டதே கிடையாது, கூலிப் பேச்சுவார்த்தையில்கூடத் தனித்தனித் தாள்தான். யார் முதலில் போடுவது என்று இரண்டு நாள் இழுபறி. தங்கையன், தொழிலாளிதான் முதலில் என்றார். ஆறுமுகம் பாட்டையா, கடை இருந்தால்தானே தொழிலாளி என்றார். அண்ணாச்சி என்னிடம் வந்து, "தாயி, சாப்பாட்டுத் தட்டை வெச்சு ஒரு வட்டம் போடு. சுத்திவரப் போடட்டும். எவன் மொதல்னு அந்த ஆபீசுல கண்டுபிடிக்கட்டும்" என்றார். அப்படியே செய்தேன். ஐம்பத்துச் சொச்சம் பேர் போட்ட பிறகு தாள் சூரியகாந்திப் பூ மாதிரி இருந்தது.

இனித்தான் என் பங்கு. மனுவின் உடலை நான் நல்ல மலையாளத்தில் எழுதினேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு. ஆனால் மேலே 'பொருள்' என்று ஒரு வரி வருமே, அதை அண்ணாச்சி விட்டுக்கொடுக்கவில்லை. "அவங்க அந்த ஒத்தை வரியைத்தான் வாசிப்பாங்க. அது என் வார்த்தையில நிக்கணும். நீ அழகுபடுத்தாதே, அப்படியே போடு" என்றார். சொன்னார்: "ஆரியசாலையில் வெள்ளம். அவசரம். நிதி ஒதுக்குக."

அவர் சொன்னது தமிழ். என் காதில் விழுந்தது தமிழ். நான் அடித்தது மலையாள எழுத்து. நடுவில் யாரும் மொழியை மாற்றவில்லை. அது பள்ளிக்கூடங்களில் சேர்க்கை நடக்கும் சமயம், கடை வாசலில் சான்றிதழ் நகலெடுக்கக் கூட்டம் நிற்கிறது. "வாசிச்சுப் பார்த்தியா?" என்று கேட்டார். "பார்த்தேன் அண்ணாச்சி" என்றேன். பார்க்கவில்லை.

மலையாளம் தெரிந்தவர்கள் இந்நேரம் சிரிக்க ஆரம்பித்திருப்பீர்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். அவசரம் என்றால் வாய்ப்பு. நிதி என்றதும் அவர்களுக்கு முதலில் தோன்றுவது புதையல். ஒதுக்குவது என்றால் அமுக்குவது. ஆக, ஐம்பத்துச் சொச்சம் பேர் வட்டமாகக் கையெழுத்திட்டு நகரசபைக்குத் தெரிவித்தது இதுதான்: 'ஆரியசாலையில் தண்ணீர். நல்ல வாய்ப்பு. புதையலை அமுக்குக.'

இரண்டு மொழியில் பிழைக்கிறவளுக்கு இது ஒரு வியாதி. ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தமும் தலைக்குள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும். எந்த வீட்டுக் கதவு திறந்தது என்று சில சமயம் நமக்கே தெரியாது.

முதல் வரியை மட்டும் பார்த்து, மனுவைக் குடிநீர் சம்பந்தப்பட்ட மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் கழித்து அண்ணாச்சிக்குப் போன் வந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"நிங்களுடெ தெருவில் வெள்ளம் வருந்நுண்டோ?" என்று கேட்டது ஒரு பெண் குரல்.

அண்ணாச்சிக்கு ரத்தம் ஏறிவிட்டது. "வருந்நுண்டோன்னா? இஷ்டம் போலே வருந்நுண்டு சாரே!"

"முடங்காதே வருந்நுண்டோ?"

தடையில்லாமல் வருகிறதா என்று கேட்கிறாள். ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை என்று அண்ணாச்சி மேசையை ஓங்கித் தட்டினார். "ஒற்ற வருஷம் முடங்கியிட்டில்ல!"

"வளரெ சந்தோஷம்" என்று சொல்லி அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "இவ என்ன, நம்ம கடை முங்குனதுக்குச் சந்தோஷப்படுதா?" என்றார். எனக்கும் கோபம்தான் வந்தது. பதில் கடிதம் வரும் வரை எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

கடிதத்தை அவரால் வாசிக்க முடியாது என்பதால் என்னிடம் கொண்டுவந்தார். 'தங்கள் பகுதியில் தண்ணீர் தடையின்றி வருவதாகத் தாங்களே தொலைபேசியில் உறுதி செய்ததால் இந்த மனு முடிக்கப்படுகிறது' என்று இருந்தது. பொருள் என்ற இடத்தில் எங்கள் வரியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். அப்போதுதான் அதை முதன்முதலாக மலையாளக் கண்ணால் வாசித்தேன். ஐம்பத்துச் சொச்சம் பேருடைய கையெழுத்து, அவருடைய அத்தனை அலைச்சல். எல்லாவற்றையும் சொன்னேன், வாசித்துப் பார்க்காததையும் சேர்த்து.

அண்ணாச்சி கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தார். அப்புறம் கேட்டார், "அப்போ நிதியை அமுக்குங்கன்னா எழுதியிருக்கோம்?" ஆமா அண்ணாச்சி என்றேன். "அதுக்கு எதுக்குத் தாயி மனு? அதுல அவங்களுக்கு நம்ம யோசனை வேணுமா?" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவர், நிறுத்த முடியாமல் முதல் தடவையாக என் கடை நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். "கரையாதே. நீ என்ன வெல்லமா?" என்றார். மலையாளத்தில் கரைவது என்றால் அழுவது.

ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. அடுத்து வந்த வார்டு சபைக் கூட்டத்தில் கவுன்சிலர் அந்த மனுவின் நகலைக் கையில் வைத்திருந்தார். சின்ன வயதுப் பெண், கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த வரியைப் பார்த்தால் யாருக்குத்தான் வாசிக்காமல் இருக்க முடியும்? வாசித்துவிட்டார். மண்டபமே குலுங்கியது. சிரித்து ஓய்ந்ததும் கையெழுத்துப் போட்டவர்களுக்கு ரோஷம் வந்தது. தங்கையன் எழுந்து, "இது ஆரா எழுதியது?" என்று கத்தினார். ஆறுமுகம் பாட்டையா, "எவன் எழுதினான் இதை? எங்க பேரைச் சந்தி சிரிக்க வெச்சுட்டானே" என்றார். நான் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் இருந்தேன். எழுந்து சொல்லியிருக்க வேண்டும். தூணை விட்டு வெளியே வரவில்லை.

அண்ணாச்சி எழுந்தார். "நான்தான். அந்தப் பிள்ளை அப்பமே சொல்லிச்சு, இது தப்பாட்டு வரும் அண்ணாச்சி, மாத்துவோம்னு. நான்தான் கேக்கல. படிக்காத பய புத்தி" என்றார். நான் அப்படிச் சொல்லவே இல்லை. அவர் சொன்னது முழுப் பொய். அன்றிலிருந்து ஆரியசாலையில் இரண்டு வருஷம் 'அமுக்கு அண்ணாச்சி' என்று அவரைக் கேலி செய்தவர்களுக்கு இப்போது சொல்கிறேன்: அந்தப் பிழை என்னுடையது. அவர் அதை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அவர் பேசியதும் உங்களுக்கு நினைவிருக்கும். பாதி மலையாளமும் பாதி திருநெல்வேலியுமாகப் பேசினார். "சிரிச்சாச்சுல்லா? இனி காரியம் பறயாம். வெள்ளம்னா உங்களுக்குக் குடிக்கிறது, எனக்கு முங்குறது. எங்க தெருவுல வந்து நில்லுங்க, ரெண்டும் ஒண்ணுதான்னு முட்டளவுல மனசிலாகும். அவசரம்னா எனக்குச் சீக்கிரம், உங்களுக்கு நல்ல சந்தர்ப்பம். அடுத்த மழைக்கு முன்னால எங்க தெருவை அளந்து, ஒரு திட்டம் போடணும். அது ரெண்டு பாஷையிலயும் அவசரம்தான். மிச்சம் இருக்கது நிதி. அதை ஒதுக்கணும். எந்தப் பாஷையில ஒதுக்கணும்னு கவுன்சிலர் மோள் சொல்லட்டும்." கவுன்சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றே தீர்மானம் எழுதினார்கள். எங்கள் பகுதிக்கான காலநிலைத் திட்டம் தயாரிக்க நகரசபை வரவுசெலவில் பணம் வைக்க வேண்டும் என்று. அண்ணாச்சி அதை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்றாவது தடவை என்னைக் கூப்பிட்டு, "நீ ஒரு தடவை மலையாளக் காதுல கேளு தாயி" என்றார்.

தீர்மானம் போட்டால் பணம் வந்துவிடுமா? புதன்கிழமைதோறும் அவர் நகரசபை அலுவலகத்துக்குப் போய் வந்தார். அங்கே வாசலில் நிற்கும் காவலாளி அவரைக் கண்டதும் உள்ளே பார்த்து, "அவசரம் வந்நிட்டுண்டு", அதாவது அவசரம் வந்தாச்சு என்று குரல் கொடுப்பானாம். ஒரு வரவுசெலவு அறிக்கை போயிற்று, எங்கள் பெயர் இல்லை. நம் ஆட்களோ, அது அண்ணாச்சி விவகாரம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். நானும்தான். மனு அடித்துக் கொடுப்பேன், அதோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிடுவேன். கூட வாயேன் என்று ஒரு தடவை கூப்பிட்டார். "நான் அடிக்கிறவதானே அண்ணாச்சி" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

போன மழைக்காலத்தில் மறுபடியும் கடைக்குள் ஏறிவிட்டது. நான் போனபோது அண்ணாச்சி கல்லாவின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கீழே பழுப்பு நிறத்தில் தண்ணீர். மேலே அவர் மட்டும் காய்ந்து இருந்தார். வழக்கம்போல ஏதாவது சொல்வார் என்று நின்றேன். "எனக்கு இன்னும் எத்தனை மழை தாயி? நான் கடையைப் பூட்டிட்டு ஊருக்குப் போயிருவேன். தங்கையனும் அவன் கூட்டாளிகளும் எங்க போவானுக? இதே வெயில்லயும் இதே தண்ணியிலயும்தான் சுமக்கணும்" என்றார். சிரிக்காமல் அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். வாளியை எடுத்து இறைக்க ஆரம்பித்தேன்.

ஊருக்குப் போகவில்லை. நல்ல வெயில் நாளில், வானத்தில் பொட்டு மேகம் இல்லாதபோது, காலையில் காப்பி கேட்டுவிட்டு, அது வருவதற்குள் போய்விட்டார். முருகன் சொல்லி அழுதான், "ஒரு சொட்டு நனையாமப் போயிட்டாங்க அக்கா."

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். கவுன்சிலர் நேரில் வந்து சொன்னார். இந்த வருஷ வரவுசெலவில் சில வார்டுகளுக்குக் காலநிலைத் திட்டம் தயாரிக்கப் பணம் வைத்திருக்கிறார்கள், எங்கள் வார்டும் அதில் இருக்கிறது. பெரிய தொகை இல்லை, ஆரம்பிக்கப் போதும் என்றார். தங்கையன் தலைமுண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். எனக்கு மகிழ்ச்சியைவிட ஆத்திரம்தான் வந்தது. ஒரு மாதம் முந்தி வைத்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

போன வாரம் அளக்க வந்தார்கள். இரண்டு பெண்கள், கையில் நாடாவும் நோட்டும். கடை கடையாக ஏறி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, மதிய வெயிலில் எங்கே நிற்க முடியவில்லை என்று கேட்டு எழுதினார்கள். ஆறுமுகம் பாட்டையா தன் கடையில் தண்ணீர் கழுத்தளவு வரும் என்றார். உட்கார்ந்திருக்கும்போதா நிற்கும்போதா என்று ஒரு பெண் கேட்டாள். என் கடை வாசலுக்கு வந்தபோது பின்னால் தெருவே கூடிவிட்டது. அந்தப் பெண் நோட்டில் ஒரு கட்டத்தைக் காட்டி, "இது ஆரா ஆவஸ்யப்பெட்டது?" என்றாள். இந்தத் திட்டம் வேண்டும் என்று கேட்டது யார்?

"நாங்கதான்" என்றார் ஆறுமுகம் பாட்டையா, நெஞ்சை நிமிர்த்தி. காயிதத்தைக் கொண்டுபோய் ஓடையை அடைக்கவா என்று கேட்ட அதே வாயால். "ஞங்ஙளாணு, தொழிலாளிகள்" என்றார் தங்கையன். துணிக்கடைக்காரரும் ஆமாம் நாங்கள்தான் என்றார். ஒரு நாள்கூடப் புதன்கிழமை பஸ் ஏறாதவர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பலவேசம் அண்ணாச்சி என்று உரக்கச் சொல்லி, இவர்கள் ஒவ்வொருவர் மானத்தையும் வாங்கிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அந்தப் பெண் கட்டத்தில் 'பிரதேச மக்கள்' என்று எழுதிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த மனிதர் இரண்டு வருஷம் அலைந்தது இந்த ஒரு பதிலை இவர்கள் வாயிலிருந்து வரவழைக்கத்தானே என்று தோன்றியது. இவர்கள் பொய்தான் சொன்னார்கள். ஆனால் இனி இந்தப் பொய்யை விட்டு அவர்களால் இறங்க முடியாது. கேட்டவர்கள் என்று எழுதியாகிவிட்டது, கேட்டவர்கள்தான் அடுத்த கூட்டத்துக்குப் போயாக வேண்டும்.

"சேச்சியும் உண்டோ?" என்று என்னிடம் கேட்டாள்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது என்ன என்று கேட்டால், அப்போது என் வாயில் வந்த பதிலைத்தான் சொல்வேன். அதை நான் முன்பு ஒருநாளும் சொன்னதில்லை. "உண்டு. நாங்க எல்லாரும்தான் கேட்டோம்" என்றேன். அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டேன். புதன்கிழமை என்றாள். கடையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று தெரியவில்லை. போகிறேன்.